உன் அம்மாவின் மூன்றாவது ஸ்கேன்

எய்யா,

நேற்று நீ போனில் கேட்ட கேள்விக்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். பக்கத்தில் உன் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கீரை ஆய்கிற பெண்ணுக்குக் காது எவ்வளவு கூர்மை என்பது உனக்கு இன்னும் தெரியாது. கல்யாணமாகி இரண்டு வருஷம்தானே ஆகிறது. அதனால் "பாத்துச் சொல்லுதேன்" என்று வைத்துவிட்டேன். பாவூர்சத்திரம் காய்கறி மண்டியில் ஏலம் கூவியே தேய்ந்த தொண்டை இது. எனக்குப் பேச்சுதான் வரும், எழுத்து வராது என்பாள் உன் அம்மா. ஆனால் சில விஷயங்களை மகனிடம் முகம் பார்த்தும் சொல்ல முடியாது, போனிலும் சொல்ல முடியாது. எழுதித்தான் ஆக வேண்டியிருக்கிறது. உன்னைப் போல இன்னும் பத்துப் புருஷன்மார் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. மானம் ஏற்கெனவே ஊர் முழுக்கப் போய்விட்டது.

நீ கேட்டது இது. வருகிற வாரம் உமாவுக்குச் சினைப்பையில் இருக்கிற கட்டியை எடுக்கப்போகிறார்கள். அவளுடைய அம்மா சென்னைக்கு வந்து கூட இருக்கப்போகிறார். ஆபரேஷன் அன்றைக்கு நீ லீவு போட்டாயிற்று. அதற்கப்புறமும் உள்ளே எப்படி ஆறுகிறது என்று பார்க்க அவ்வப்போது ஸ்கேனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம். "அது லேடீஸ் சமாச்சாரம், அத்தை கூட்டிட்டுப் போனாப் போதாதா, நானும் போகணுமாப்பா?" என்றாய். என் பதில், போ. வாசல்வரைக்கும் இல்லை, உள்ளேயே போ. கடிதம் இவ்வளவுதான். மிச்சமெல்லாம் ஏன் என்பதற்கான காரணம். அதைப் படித்தால் என் மேல் உனக்கு இருக்கிற மரியாதை கொஞ்சம் குறையும். இருப்பே அதிகமில்லை என்பதால் நஷ்டம் பெரிதாக இருக்காது.

போன வருஷம் உன் அம்மாவுக்கு நடந்தது உனக்குத் தெரியும் என்று நினைக்கிறாய். உனக்குத் தெரிந்தது என்னைப் பார்த்துக் கத்துகிற அளவுக்குத்தான். முழுக்கதை இது. மாதாமாதம் அவளுக்கு ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கினால் மூச்சு வாங்கும். நான் அதைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, உனக்கு வயசாயிட்டு" என்று வைத்தியம் சொன்னேன். கடைசியில் தென்காசியில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனபோது, அவர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "எப்படிம்மா இத்தனை நாள் நடமாடினீங்க?" என்று அவளிடம் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் மேலே ஃபேன் சரியாகச் சுற்றுகிறதா என்று பார்த்தேன். கர்ப்பப்பையில் கட்டிகள் இருக்கின்றன, கர்ப்பப்பையையே எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார்.

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததா? கை ஒடிந்தால் கட்டுப்போட்ட கையோடு தெருவில் நாலு தரம் நடப்போம். வயிற்றில் எடுத்த கல்லை டப்பாவில் போட்டு, வருகிறவர்களுக்குக் காபிக்கு முன்னால் காட்டுகிற வீடுகள் உண்டு. கர்ப்பப்பை என்றால் மட்டும் எல்லாரும் ஊமை. அதனால் தெருவுக்கு ஒரு கதை தயார் செய்தோம்: வாசுதேவநல்லூரில் அவள் தம்பி வீட்டில் வேலை நடக்கிறது, ஒத்தாசைக்குப் போயிருக்கிறாள். உனக்கும் அதே கதைதான், கூடவே அங்கே டவர் எடுக்காது என்று ஒரு வால். வாசுதேவநல்லூரில் டவர் நன்றாகவே எடுக்கும். அந்த ஊர்க்காரர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ளட்டும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தெருவுக்குத் தெரியாமல் வீட்டுக்கு வந்த சில நாளில், சாயங்காலமானால் உடம்பு கொதிக்க ஆரம்பித்தது. அடிவயிற்றில் ஒரு கனம். டாக்டரம்மா உடனே ஸ்கேன் எடுத்துவரச் சொன்னார். அதைப் பார்த்துவிட்டு, "கர்ப்பப்பை இருந்த இடத்துல, உள்தையலுக்கு மேல கொஞ்சம் ரத்தம் கட்டியிருக்கு. சில பேருக்கு இப்படி வரும். பெரும்பாலும் உடம்பே மெதுவா உறிஞ்சிக்கும். மாத்திரை தரேன், அப்பப்போ ஸ்கேன்ல பாத்துக்கிட்டே இருப்போம். சுருங்கிக்கிட்டு வந்தா நல்லது. பெருசானாலோ, சீழ் பிடிச்சாலோ, திரும்ப உள்ள போய் எடுக்க வேண்டியிருக்கும்" என்றார். எத்தனை சென்டிமீட்டர் என்றும் சொன்னார். எனக்குச் சென்டிமீட்டர் ஓடாது. "எந்தக் காய் அளவும்மா இருக்கும்?" என்று கேட்டேன். அவர் யோசித்து, "ஒரு எலுமிச்சம்பழம்னு வச்சுக்குங்க" என்றார். "பெருவெட்டா, பொடியா?" என்றேன். உன் அம்மா என் காலை மிதித்தாள். மிதிக்கிற அளவுக்குத் தெம்பு இருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் அவ்வளவு பேச்சில் அவள் காதில் விழுந்தது கடைசி வாக்கியம் மட்டும். ஆட்டோவில் வரும்போது, "இன்னொரு தடவ அந்த மேசைல படுக்க என்னால ஆவாது" என்றாள். அழவில்லை. ஜவுளிக்கடையில் 'இந்தக் கலர் வேண்டாம்' என்பாளே, அந்தக் குரலில் சொன்னாள். மறுநாள் காலையில் எனக்கு ரசம் வைக்கச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். இத்தனை வருஷம் இல்லாமல் இப்போது எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று பயம். புளியை ரொம்பக் கரைத்துவிட்டேன். அவள் முகம் சுளிக்காமல் குடித்தாள். அதுதான் என்னை இன்னும் கலக்கிவிட்டது. உன் அம்மா நான் செய்த ஒரு காரியத்தைக் குறை சொல்லாமல் விட்டால், வீட்டில் ஏதோ பெரிய தப்பு நடக்கிறது என்று பொருள்.

இதற்கு நடுவில் தண்ணீர்த் தகராறு வேறு. பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் புண் ஆறாது என்று அவளுக்கு யாரோ எப்போதோ சொல்லியிருக்கிறார்கள். நாக்கை நனைக்கிற அளவுக்குத்தான் குடிப்பாள். ஸ்கேன் எடுக்கிற இடத்திலோ மூத்திரப்பை நிறைந்திருந்தால்தான் அதன் வழியாகப் பின்னால் இருப்பது நன்றாகத் தெரியும், ஒரு பாட்டில் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு வாருங்கள் என்கிறார்கள். "அந்த மெஷினுக்கு வேண்டித்தான் குடிக்கேன், எனக்கு வேண்டிக் குடிக்கல" என்று தனக்கும் பாட்டிலுக்கும் கணக்குத் தீர்த்துக்கொண்டு குடித்தாள். உமாவுக்கும் இப்படி யாராவது சொல்வார்கள். டாக்டர் சொல்கிற அளவுக்குத் தண்ணீர் குடிக்கச் சொல். தண்ணீரால் எந்தத் தையலும் பிரிந்ததில்லை என்று டாக்டரம்மா என்னிடம் தனியாகத் திட்டிச் சொன்னார். குடிக்காதது அவள், திட்டு எனக்கு.

இரண்டாவது ஸ்கேன் ஒரு சனிக்கிழமை. அந்த வாரம்தான் குற்றாலச் சீசன் உச்சத்தில் இருந்தது. ஐந்தருவியில் தண்ணீர் கொட்டுகிற வீடியோவைத் தமிழ்நாடே பார்த்துவிட்டு வேனைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டது. நம் வீட்டிலிருந்து தென்காசிக்கு ஆட்டோ ஏறினால் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் போய்விடலாம். அன்றைக்குக் குற்றாலம் ரோடு முழுக்க வண்டிகள். ஜன்னலுக்கு ஜன்னல் ஈரத்துண்டு காய்கிறது. வெளியே சாரல். உள்ளே, ஒரு பாட்டில் தண்ணீரை அடக்கிக்கொண்டு உன் அம்மா.

"ஏங்க, எனக்கு முட்டுது."

"இந்தா வந்துட்டு. பல்லக் கடிச்சிக்கோ."

"பல்லக் கடிச்சா அங்கன நிக்குமா? வேற எதாவது பேசுங்க."

நான் பேசினேன்.

"தண்ணியப் பத்திப் பேசாதியங்கேன்."

"நான் என்னட்டி பேசினேன், அணை நெறஞ்சிட்டு, தொறக்கப் போறாவன்னுதான சொன்னேன்."

ஆட்டோக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் ஹாரனை அழுத்தினார். எப்படியோ போய்ச் சேர்ந்தோம். அங்கே எங்களுக்கு முன்னால் கூட்டம். உட்கார இடம் கிடைத்தது ஒரு போர்டுக்குக் கீழே. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே தெரிவிக்கப்பட மாட்டாது, அது சட்டப்படி குற்றம் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அதன் கீழே நானும், வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உன் அம்மாவும், நடுவில் காலிப் பாட்டிலும்.

அந்த நேரம் பார்த்துத்தான் கிட்னிக் கல்லுக்கு ஸ்கேன் எடுக்க வந்தாள் செல்லம்மாள், நாலு வீடு தள்ளி இருக்கிறவள். அவள் காதில் விழுந்த செய்தி அடுத்த வீட்டுக்கு நடந்து போகாது, ஓடும். நானும் அந்த ரகம்தான் என்பதால் எங்களுக்குள் ஒரு தொழில் மரியாதை உண்டு.

"என்ன அண்ணாச்சி, இங்கன?"

"சும்மாதான்" என்றேன். ஸ்கேன் எடுக்கிற இடத்துக்குச் சும்மா வந்திருப்பதாகச் சொன்ன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

"மதினி தம்பி வீட்ல இருக்காவன்னு சொன்னிய?"

"வந்துட்டா."

செல்லம்மாள் போர்டைப் பார்த்தாள். உன் அம்மா வயிற்றைப் பார்த்தாள். பாட்டிலைப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள். அந்தக் கடைசிப் பார்வையில் ஒரு புது மரியாதை தெரிந்தது. அப்போது எனக்கு விளங்கவில்லை. "நல்லாருங்க. பாரம் எதுவும் தூக்காதிய மதினி" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அந்த ஸ்கேனில் எலுமிச்சம்பழம் அப்படியே இருந்தது. பெரிதாகவில்லை, சுருங்கவும் இல்லை. டாக்டரம்மா மருந்தை மாற்றினார். "அடுத்த ஸ்கேன்லயும் இதே அளவு இருந்தா, எடுக்கிறதப் பத்தி யோசிக்கணும்" என்றார். உன் அம்மா சரி என்று தலையாட்டிவிட்டு, அன்றைக்குச் சாயங்காலம் எனக்குச் சாம்பார் சொல்லிக்கொடுத்தாள்.

இரண்டு நாள் கழித்து மண்டியில், வழக்கமாகத் தன் தோட்டத்துக் கத்தரிக்காய் கொண்டுவருகிற சம்சாரி ஒருத்தர் ஒரு பை நிறைய மாங்காய் கொடுத்தார். "மதினிக்குக் குடுங்க. வாய்க்குக் கேக்குத நேரம்" என்றார். காசு வேண்டாமாம். நம் மண்டியில் காசு வேண்டாம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உன் அம்மா அதை ஊறுகாய் போட்டுவிட்டாள். மறுநாள் மூட்டை தூக்குகிற ஆள் ஒருவர் என் கையிலிருந்த சாக்கை வாங்கிக்கொண்டு, "நீங்க உக்காருங்க அண்ணாச்சி. இனிமே உங்களுக்குப் பொறுப்பு கூடுதுல்லா" என்றார். அப்புறம் டெம்போ டிரைவர் வந்தான். "அண்ணாச்சி, தப்பா நெனைக்காதிய, உங்களுக்கு என்ன வயசு?" ஐம்பத்தாறு என்றேன். வண்டியிலிருந்து இறங்கி வந்து கும்பிட்டான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் ஊரில் ஸ்கேன் என்றால் ஒன்றே ஒன்றுதான். உன் அம்மாவுக்கு விசேஷம் என்று பாவூர்சத்திரம் வரைக்கும் செய்தி வந்துவிட்டது.

மறுத்திருக்க வேண்டும். எப்படி மறுப்பது? அது இல்லை என்றால், பின்னே எதற்கு ஸ்கேன் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொன்னால் வாசுதேவநல்லூர் கதை போய்விடும். இது நான் ஊருக்குச் சொல்கிற காரணம். உனக்கு உண்மையைச் சொல்கிறேன். அரைநாள் எனக்கு மறுக்க மனசு வரவில்லை. அன்றைக்கு மத்தியானம் மீசையைக்கூடக் கொஞ்சம் முறுக்கிவிட்டுக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் நீ போன் செய்தாய். "அப்பா, என்கூடப் படிச்ச இசக்கி கூப்பிட்டான். தம்பியா தங்கச்சியான்னு கேக்கான். என்னப்பா நடக்குது அங்க? எங்களையே ஊர்ல எல்லாரும் விசேஷம் உண்டான்னு கேட்டு உசிர வாங்குதாங்க. உமா மூஞ்சில நான் எப்படி முழிக்கது?" என்று கத்தினாய். நான் "அது வந்துலே" என்று ஆரம்பித்தேன். உன் அம்மா போனைப் பிடுங்கினாள். "ஏலே, கத்தாத. எனக்குக் கர்ப்பப்பைய எடுத்தாச்சு. ஆசுபத்திரில கெடந்தேன். உன்ட்ட சொல்லவேண்டாம்னு நாந்தான் சொன்னேன். அப்பாவ ஏசாத" என்றாள். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை நீ மறைத்துவிட்டதாக நினைத்தாய். போன் எல்லாவற்றையும் கொண்டுவந்து கொடுத்துவிடும், எய்யா.

போனை வைத்த பிறகுதான் அவள் சிரிக்க ஆரம்பித்தாள். தலையணையை எடுத்து வயிற்றில் அழுத்திக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தாள். "பானையவே எடுத்தாச்சு. இவளுவ பால் பொங்கிருச்சான்னு கேக்காளுவ" என்றாள். நானும் சிரித்தேன். மாங்காய்க் கதையைச் சொன்னேன், டெம்போ டிரைவர் கும்பிட்டதைச் சொன்னேன். "கும்பிட்டானா? உங்களையா?" என்று மறுபடியும் தலையணையை அழுத்தினாள். அவள் கண்ணில் வந்தது சிரிப்பினால் வந்த தண்ணீர் மட்டும்தானா என்று எனக்குத் தெரியாது. நான் உற்றுப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை மீன் வண்டி வந்து தெருவில் நின்றது. பெண்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள், செல்லம்மாள் முன்னால். உன் அம்மா வயிற்றில் ஒரு கை வைத்தபடி மெதுவாக நடந்து போனாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன், காற்று வாங்குவதற்காக.

"ஏ செல்லம்மா, மாங்கா ஊறுகா போட்டிருக்கேன். ஒரு பாட்டில் தாரேன், கொண்டு போ. எனக்கு விசேஷமும் இல்ல, மண்ணும் இல்ல. கர்ப்பப்பைய எடுத்தாச்சு. உள்ள ரத்தம் கட்டிக் கெடக்கு. அது கரையுதா இல்லியான்னு பாக்கத்தான் ஸ்கேனுக்குப் போறேன். கரையலன்னா திரும்பக் கீறணும். எனக்குப் பயமா இருக்குட்டி."

கடைசியில் சொன்னாளே, அதை அவள் என்னிடம் சொன்னதே இல்லை. எனக்கு ரசம் சொல்லிக்கொடுத்தாள், சாம்பார் சொல்லிக்கொடுத்தாள். பயமாக இருக்கிறது என்று சொன்னது மீன் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு.

மீன்காரர் மீனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செல்லம்மாள் மெதுவாக, "எனக்கும் எடுத்தாச்சு மதினி. பழனிக்கு நடந்து போறோம்னு சொன்னமே, அப்பத்தான்" என்றாள்.

"மொட்டை போடாம வந்திய. நானும் நெனச்சேன்" என்றாள் உன் அம்மா.

பின்னால் இருந்து எதிர்வீட்டுக்காரி, "எனக்கும்தான்" என்றாள்.

"அப்போ அந்தக் கொடைக்கானல்?"

"கொடைக்கானல் ஏது மதினி. பாளையங்கோட்டை ஆசுபத்திரி."

அதன் பிறகு அங்கே மீன் வியாபாரம் நடக்கவில்லை. செல்லம்மாள் சொன்னதை மட்டும் உனக்குச் சொல்கிறேன். அவளுக்கும் ஆபரேஷனுக்குப் பிறகு காய்ச்சல் வந்திருக்கிறது. ரகசியம் வெளியே போய்விடக்கூடாது என்று வீட்டில் கஷாயம் கொடுத்துப் படுக்க வைத்துவிட்டார்கள். "வலிக்குன்னேன். வலிக்கத்தான் செய்யும்னாவ. யாரு ஸ்கேன் பாத்தா? உள்ள சீழ் பிடிச்சி, நெனவு தப்பின பொறவுதான் தூக்கிட்டு ஓடுனாவ. ரெண்டாவது தடவ கீறுனாவ. உன்ன விடாமப் பாத்துக்கிட்டு இருக்காவல்லா, அது போதும். பயப்படாத. தண்ணியக் குடி முதல்ல" என்றாள். புருஷனும் டாக்டரம்மாவும் தொண்டை வற்றச் சொல்லியும் கேட்காதவள், செல்லம்மாள் சொன்னதும் உள்ளே வந்து சொம்பை எடுத்தாள். உமாவிடம் யார் எதைச் சொல்லலாம், யாருக்கு மறைக்கலாம் என்று நீயும் உன் அத்தையும் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். அவளைக் கேள். அவள் சொல்லவேண்டாம் என்றால் சொல்லாதே. ஊருக்கே சொல்லணும் என்றால் என்னிடம் விடு, நானும் செல்லம்மாளும் பார்த்துக்கொள்கிறோம்.

மூன்றாவது ஸ்கேனுக்குப் போகிற வழியில் ரோடு காலியாக இருந்தது. இறங்குகிற இடம் வரும்போது உன் அம்மா சொன்னாள்: "நீங்க வெளிய பேப்பர் வாசிச்சிக்கிட்டு இருக்கிய. நான் அந்த இருட்டுக்குள்ள அந்த ஸ்கேன் டாக்டர் பொண்ணு மூஞ்சியப் பாத்துக்கிட்டே கெடக்கேன். அது ஒண்ணும் பேசாது. கம்ப்யூட்டர்ல தட்டும், உருட்டும், திரும்பத் தட்டும். அது நெத்தி சுருங்குனா எனக்கு இங்கன சுருங்குது. இன்னைக்கு நீங்களும் உள்ள வாங்க."

வாசலில் நின்ற பெண், "ஆம்பிளைங்க வெளிய இருங்க" என்றாள். நான் உடனே சந்தோஷமாகத் திரும்பினேன். உன் அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து ஸ்கேன் டாக்டர், "பரவால்ல, கூட ஒரு ஆள் வரட்டும்" என்றார். போனேன். ஒரே இருட்டு, ஏசிக் குளிர், ஒரு திரை வெளிச்சம். உன் அம்மாவைப் படுக்கவைத்துச் சேலையை விலக்கினார்கள். அடிவயிற்றில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரு கோடு, இன்னும் சிவப்பு மாறாமல். ஒரே வீட்டில்தான் இருக்கிறேன், ஒரே தட்டில்தான் அப்பளம் எடுக்கிறேன். அந்தக் கோட்டை நான் அதுவரை பார்த்ததில்லை. கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் மனசுக்குள் "சின்ன ஆபரேஷன்தான்" என்று பதில் தயாராக வைத்திருந்தேன். இருட்டில் சுவரைத் தேடிப் பிடித்துக்கொண்டேன்.

"ஐயா, அந்த ஸ்டூல்ல உக்காருங்க" என்றார் ஸ்கேன் டாக்டர்.

"அவரையும் ஒரு ஸ்கேன் எடுத்துருங்கம்மா. மனசு எங்கன இருக்குன்னு பாத்துருவோம்" என்றாள் உன் அம்மா, படுத்தபடியே.

ஜெல்லைத் தடவிக் கருவியை வைத்தார். திரையில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சாரல் நேரத்தில் மலையைப் பார்த்த மாதிரி சாம்பலாக ஏதோ நகர்ந்தது. உன் அம்மா திரையைப் பார்க்கவில்லை, டாக்டர் முகத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அந்தப் பெண் இரண்டு கிட்னியையும் பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார். பிறகு கருவியைக் கீழே கொண்டுவந்தார். நிறுத்தினார். கொஞ்சம் அழுத்தினார். இடது பக்கம் சாய்த்தார், வலது பக்கம் சாய்த்தார். நெற்றி சுருங்கியது. பழைய படத்தைத் திரையில் கொண்டுவந்து பார்த்தார். திரும்பவும் அழுத்தினார். நெற்றி இன்னும் சுருங்கியது. உன் அம்மாவின் கை என் கையைத் தேடியது. பிடித்தேன். அந்தக் கை அவ்வளவு சில்லென்று இருந்து நான் அறிந்ததில்லை. எனக்கு ஏலத்தில் பத்துப் பேர் குரலுக்கு மேல் கூவத் தெரியும். அந்த நேரம், "என்னம்மா?" என்ற ஒரு சொல்லை மனசுக்குள் மூன்று தரம் கூவிப் பார்க்க வேண்டியிருந்தது.

கேட்டேன். "என்னம்மா, பெருசாயிட்டா?"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "இல்லைங்கய்யா. போன தடவை எங்க இருந்துச்சுன்னு தேடிக்கிட்டு இருக்கேன். காணோம்." திரையை எங்கள் பக்கம் திருப்பினார். "பாருங்க, இந்த இடம்தான். இப்போ ஒரு கீத்து மாதிரி தெரியுது, அவ்வளவுதான்."

"சுண்டைக்காய் அளவு இருக்குமா?"

"சுண்டைக்காய்கூட இல்லை" என்று சிரித்தார். "எதுக்கு இவ்வளவு பயந்தீங்க?"

"உங்க நெத்தியப் பாத்துதான் தாயீ" என்றாள் உன் அம்மா. அந்தப் பெண் தன் நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். இனிமேல் பேசிக்கொண்டே பார்க்கிறேன் என்றார்.

டாக்டரம்மாவும் பார்த்துவிட்டு, திரும்பக் கீற வேண்டிய அவசியமே இல்லை என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் நான் வைத்த ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "இது ரசமா, புளித்தண்ணியா? மாடு குடிக்குமா இத?" என்று கேட்டாள். அப்படி ஒரு நிம்மதி எனக்கு.

எய்யா, நான் இதையெல்லாம் எழுதியது அந்த ஒரு நிமிஷத்துக்காக. டாக்டர் பெண் தேடிக்கொண்டிருந்த அந்த நிமிஷம். நல்ல செய்தி எங்கள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது, எங்களுக்குத் தெரியாது. உன் அம்மா அதற்கு முன்னால் இரண்டு தடவை அப்படிப்பட்ட நிமிஷங்களைத் தனியாகப் படுத்துக் கடந்திருக்கிறாள். நான் வெளியே தக்காளி விலை வாசித்துக்கொண்டிருந்தேன். உன் அத்தை நல்ல மனுஷி, கூட்டிக்கொண்டு போவார், கொண்டுவந்து விடுவார். ஆனால் நாளைக்கு உமா பயமாக இருக்கிறது என்று சொல்ல நினைத்தால், அதைச் சொல்வதற்கு மீன் வண்டியைத் தேடிப் போகக்கூடாது பார். அங்கேயும் ஆண்களை வெளியே இரு என்பார்கள். கேட்டுப் பார், விடுவார்கள்.

உள்ளே இருட்டாக இருக்கும். திரையில் உனக்கு ஒன்றும் விளங்காது, விளங்கியது போலத் தலையாட்டாதே. டாக்டர் பேசாமல் இருந்தால் நீ வாயைத் திறந்து கேள். அதுவரைக்கும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நில். ஜெல் ஒட்டும். ஒட்டட்டும்.

அப்பா